சோடியம் விரும்பிக் கொடுப்பதில்லை: அயனிப் பிணைப்பைத் தனியே படித்த அனுபவம்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கங்களில் பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டு, பிளஸ் ஒன்னில் அறிவியல் பிரிவு எடுக்கும் பிள்ளைகளையும், அவர்களுக்காகப் பயிற்சி மையம் தேடி அலையும் பெற்றோரையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். வேதியியலில் அயனிப் பிணைப்பு என்பது மிக எளிதான பகுதி என்று எல்லோரும் சொல்வார்கள். உலோகம் எலக்ட்ரானைக் கொடுக்கும், அலோகம் வாங்கிக்கொள்ளும், முடிந்தது என்பார்கள். அந்த ஒரு வரியோடு நிறுத்திவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனதால் வரும் சிக்கலை நான் ஓர் ஆண்டு முழுவதும் அனுபவித்தேன். அந்தப் பகுதியில் விழுந்த ஓட்டை, கரைசல்கள், வெப்ப இயக்கவியல், மின்வேதியியல் என்று எங்கே போனாலும் கூடவே வந்தது. யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் பணமும் மிஞ்சியிருக்கும், மனமும் அவ்வளவு நொந்திருக்காது.

பிளஸ் டூ முடித்ததும் நீட் தேர்வுக்காகக் கோயம்புத்தூரில் ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்தேன். எங்கள் ஊரிலிருந்து வேலந்தாவளம் வழியாகப் போனால் கோவை அருகில்தான் என்றாலும், வகுப்பு காலையிலேயே தொடங்கிவிடும் என்பதால் விடுதியில் தங்க வேண்டியதாயிற்று. கட்டணம் 95,000 ரூபாய், ஒரே தவணையில். விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் மாதம் 6,500 ரூபாய். அப்பா இரண்டு கறவை மாடுகளை விற்றும், பால் சொசைட்டியில் முன்பணம் வாங்கியும் அந்தத் தொகையைக் கட்டினார். வகுப்பில் முந்நூறு பேருக்குக் குறையாமல் இருந்தோம். பின் வரிசையிலிருந்து பார்த்தால் கரும்பலகை தெரியாது, தொலைக்காட்சித் திரையில்தான் ஆசிரியரைப் பார்க்க வேண்டும்.

வேதிப்பிணைப்பு தொடங்கிய அன்று ஆசிரியர் ஒரு கதை சொன்னார். சோடியத்தின் கையில் ஒரு ரூபாய் கூடுதலாக இருக்கிறதாம், குளோரினுக்கு ஒரு ரூபாய் குறைகிறதாம், அது மகிழ்ச்சியாகக் கொடுக்கிறது, இது மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்கிறது, இருவருக்கும் வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான் ஆகிவிடுகிறது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அடுத்த வாரத் தேர்வில் ஒரு வினா வந்தது: வாயு நிலையில் உள்ள சோடியம் அணு ஓர் எலக்ட்ரானை இழப்பது வெப்பம் உமிழும் செயலா, வெப்பம் கொள்ளும் செயலா? மகிழ்ச்சியாகக் கொடுக்கிறது என்றால் ஆற்றல் வெளிவரத்தானே வேண்டும் என்று எண்ணி வெப்பம் உமிழும் செயல் என்று குறித்தேன். வகுப்பில் பாதிப் பேர் அப்படியே குறித்திருந்தார்கள். விடைத்தாள் வந்த பிறகு ஆசிரியரிடம் போய், "சார், சோடியத்திலிருந்து எலக்ட்ரானை எடுக்க 496 கிலோ ஜூல் நாம்தான் கொடுக்கணும்னு புத்தகத்துல இருக்கு. அப்புறம் அது எப்படி விருப்பமாக் கொடுக்கும்?" என்று கேட்டேன். "அதெல்லாம் தெர்மோ சாப்டர்ல வரும்ப்பா. இப்போதைக்கு எட்டு வந்தாப் போதும்னு எழுதிக்கோ" என்றார். அந்த 'தெர்மோ சாப்டர்' நடந்தபோது வேறோர் ஆசிரியர் வந்தார். அவர் அதைப் பிணைப்புப் பாடத்திலேயே பார்த்திருப்பீர்கள் என்று சொல்லித் தாண்டிப் போனார்.

பின்னாளில் நானே உட்கார்ந்து போட்டுப் பார்த்த கணக்கை இங்கே முழுதாகத் தருகிறேன். இதை ஒரு தாளில் நீங்களும் எழுதிப் பாருங்கள். எல்லா அளவும் ஒரு மோலுக்கு, கிலோ ஜூலில். திட சோடியத்தை வாயு அணுக்களாகப் பிரிக்க 108 வேண்டும். குளோரின் மூலக்கூறில் இரண்டு அணுக்கள் ஒட்டியிருப்பதால், நமக்கு வேண்டிய ஓர் அணுவைப் பிரித்தெடுக்க 121 வேண்டும். சோடியத்தின் வெளிக்கூட்டில் உள்ள ஒற்றை எலக்ட்ரானைப் பிடுங்க 496. ஆக மொத்தச் செலவு 725. குளோரின் அந்த எலக்ட்ரானை ஏற்கும்போது திரும்பி வருவது 349 மட்டுமே. கொடுக்கல் வாங்கல் மட்டும்தான் பிணைப்பு என்றால் நாம் 376 நஷ்டத்தில் நிற்கிறோம். அணுக்களை உடைத்தெடுக்கும் செலவை ஒதுக்கிவிட்டு, எலக்ட்ரான் இடம் மாறுவதை மட்டும் பார்த்தாலும் 147 நஷ்டம்தான். எட்டு எலக்ட்ரான் ஆகிவிட்டது என்ற மகிழ்ச்சி இந்த நஷ்டத்தை அடைக்காது.

அடைப்பது எது என்றால், நேர்மின் அயனியும் எதிர்மின் அயனியும் ஒன்றையொன்று ஈர்த்து நெருங்கும்போது வெளிப்படும் ஆற்றல். உப்புப் படிகத்தில் அடுத்தடுத்த சோடியம், குளோரைடு அயனிகளின் மையங்களுக்கு இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ 282 பிக்கோமீட்டர். அந்தத் தொலைவில் ஒரே ஒரு இணையை மட்டும் கொண்டு கணக்கிட்டால், ஈர்ப்பினால் கிடைப்பது ஒரு மோல் இணைகளுக்கு 490 அளவில் இருக்கும். படிகத்திலோ ஒவ்வொரு சோடியம் அயனியைச் சுற்றியும் ஆறு குளோரைடு அயனிகள், ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் ஆறு சோடியம் அயனிகள். அதற்கு அப்பால் ஒத்த மின்சுமை கொண்டவை வந்து விலக்குகின்றன, அதற்கும் அப்பால் மீண்டும் எதிர் மின்சுமை கொண்டவை ஈர்க்கின்றன. இந்த ஈர்ப்பு விலக்குகளையெல்லாம் கூட்டிக் கழித்தால் தனி இணையின் ஈர்ப்பைப் போல 1.748 மடங்கு நிற்கிறது. எலக்ட்ரான் கூடுகள் மிக நெருங்கும்போது எழும் விலக்கத்தையும் கழித்த பிறகு 788 கிலோ ஜூல் கிடைக்கிறது. இதுதான் படிகக்கூடு ஆற்றல். 788 வரவில் 376 நஷ்டத்தைக் கழித்தால் 412 மிஞ்சும். சோடியமும் குளோரினும் சேர்ந்து உப்பு உருவாகும்போது வெளிப்படும் வெப்பமாக அட்டவணையில் அச்சிட்டிருப்பது 411, ஏறத்தாழ அதே எண்தான். அந்த எண் ஒத்துப்போனதைப் பார்த்த இரவில் எனக்கு வந்தது மகிழ்ச்சியைவிடக் கோபமே. ஒரு தாளின் ஒரு பக்கத்தில் அடங்கும் கணக்கு இது. 95,000 ரூபாய் வாங்கிக்கொண்டவர்களுக்கு அதைக் கரும்பலகையில் எழுதப் பதினைந்து நிமிடம் இல்லை.

இந்தக் கணக்குமுறையை மாக்ஸ் பார்னும் ஃபிரிட்ஸ் ஹேபரும் 1919ஆம் ஆண்டில் வகுத்தார்கள். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 1916இல், வால்டர் கோசல் எலக்ட்ரான் இடமாற்றத்தால் அயனிகள் உருவாகி ஒன்றையொன்று ஈர்க்கும் கருத்தையும், கில்பர்ட் லூயிஸ் எலக்ட்ரான் பங்கீட்டையும் முன்வைத்திருந்தார்கள். பயிற்சி மையத்தின் அச்சிட்ட குறிப்பில் கோசல், லூயிஸ் பெயர்களும், வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான் வேண்டும் என்ற எண்ம விதியும் பெரிய எழுத்தில் இருந்தன. பார்ன்-ஹேபர் சுழற்சி ஒரு சிறு பெட்டிக்குள், எண்கள் ஏதுமின்றி, அம்புக்குறிகளோடு மட்டும் இருந்தது. எண்கள் இல்லாத அந்தப் படத்தை மனப்பாடம் செய்து ஒரு பயனும் இல்லை என்று இப்போது என்னிடம் படிக்கும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்.

கணக்கு கைக்கு வந்த பிறகு எண்ம விதியே வேறு விதமாகத் தெரிந்தது. சோடியம் ஏன் இரண்டாவது எலக்ட்ரானையும் இழந்து இரட்டை நேர்மின் அயனி ஆவதில்லை? மந்த வாயு அமைப்பு வந்துவிட்டது என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். எண்ணைப் பார்த்தால், உட்கூட்டிலிருந்து எடுக்க வேண்டிய அந்த இரண்டாவது எலக்ட்ரானுக்கு 4,562 கிலோ ஜூல் வேண்டும், முதலாவதைப் போல ஒன்பது மடங்கு. அவ்வளவு செலவை எந்தப் படிகமும் ஈடுகட்டாது. மக்னீசியத்துக்கு முதல் எலக்ட்ரான் 738, இரண்டாவது 1,451. இரண்டும் வெளிக்கூட்டிலிருந்தே வருவதால் சமாளிக்க முடிகிற செலவு. இனி ஆக்சிஜன் பக்கம் வாருங்கள். முதல் எலக்ட்ரானை ஏற்கும்போது 141 திரும்பக் கிடைக்கிறது. ஏற்கெனவே எதிர்மின்சுமை ஏறிவிட்ட அயனிக்குள் இரண்டாவதைத் திணிக்க 780 அளவில் செலவாகிறது. ஆக்சிஜன் ஆசையோடு இரண்டு எலக்ட்ரான்களை வாங்குகிறது என்று கதை கேட்டவர்கள் இந்த இடத்தில் கட்டாயம் தடுமாறுவார்கள், தேர்விலும் இந்த இடத்தில்தான் கேட்பார்கள். அப்படியிருந்தும் மக்னீசியம் ஆக்சைடு உருவாவதற்குக் காரணம், இரட்டை மின்சுமைகள் இரண்டு எதிரெதிரே நிற்பதால் ஈர்ப்பு நான்கு மடங்காவதும், அயனிகள் சிறியவை என்பதால் 210 பிக்கோமீட்டர் தொலைவுக்கு நெருங்குவதும்தான். அதன் படிகக்கூடு ஆற்றல் 3,800க்கு அருகில். உப்பு 801 டிகிரி செல்சியஸில் உருகுகிறது, மக்னீசியம் ஆக்சைடு உருக 2,800 டிகிரிக்கு மேல் வேண்டும். உலைகளின் உட்சுவர்ச் செங்கற்களில் அதைச் சேர்ப்பதற்கு இதுவே காரணம். மின்சுமையையும் அயனியின் அளவையும் கொண்டு உருகுநிலையை வரிசைப்படுத்தும் வினா எதுவானாலும், இந்த ஒரு சோடியை மனத்தில் நிறுத்திக்கொண்டால் பெரும்பாலும் விடை வந்துவிடும்.

இடையில் பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் பாதி ஆண்டிலேயே அந்த மையத்தை விட்டு வந்துவிட்டேன். மாதத் தேர்வில் மதிப்பெண் இறங்கிக்கொண்டே போக, தரவரிசைப் பட்டியலை விடுதிச் சுவரில் ஒட்டுவார்கள். என் பெயரைக் கீழிருந்து தேடுவது வேகமாக முடியும் என்ற நிலை வந்ததும் சாப்பாட்டுக் கூடத்துக்கே போகப் பிடிக்கவில்லை. வீட்டுக்குத் தொலைபேசியில் பேசும்போது நன்றாகப் போகிறது என்றே சொல்லி வந்தேன். விலகுகிறேன் என்று எழுதிக் கொடுத்தபோது, விடுதி முன்வைப்புத் தொகையான 3,000 ரூபாய் மட்டும் திரும்ப வந்தது. கட்டணம் எக்காரணத்தாலும் திருப்பித் தரப்படாது என்று ரசீதின் பின்பக்கத்தில் மிகச் சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். ஆகவே, மூன்று நான்கு தவணையாகக் கட்ட ஒப்புக்கொள்ளும் இடத்தை மட்டும் பாருங்கள். ஒப்புக்கொள்வதை எழுத்தில் வாங்குங்கள். சேரும் முன் ஒரு மாதிரி வகுப்பில் உட்கார அனுமதி கேளுங்கள், உட்கார்ந்தால் மேலே நான் கேட்ட கேள்வியையே கேளுங்கள்: சோடியத்திடமிருந்து எலக்ட்ரானை எடுக்க ஆற்றல் செலவாகிறது என்றால் பிணைப்பு ஏன் உருவாகிறது? படிகத்தைப் பற்றிப் பேசத் தொடங்கும் ஆசிரியரிடம் பிள்ளையை ஒப்படைக்கலாம். எட்டு எலக்ட்ரானோடு முடித்துக்கொள்பவர் மற்றப் பாடங்களையும் அப்படித்தான் நடத்துவார். இந்தச் சோதனைக்குக் காசு செலவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு படித்தது இப்படித்தான். தமிழ்நாட்டுப் பதினொன்றாம் வகுப்பு வேதியியல் பாடநூல் தமிழில் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதை இறக்கி அச்செடுத்து, என்.சி.இ.ஆர்.டி. ஆங்கில நூலை அதன் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, பத்தி பத்தியாக ஒப்பிட்டுப் படித்தேன். அச்செடுத்த செலவு 400 ரூபாய்க்குள். எந்த வரிசையில் படிப்பது என்று கேட்டால், முதலில் அயனியாக்கும் ஆற்றல், பிறகு எலக்ட்ரான் ஏற்பு ஆற்றல், பிறகு அயனிகளின் ஆரம், அதன் பின்னரே பிணைப்புக்கு வாருங்கள் என்பேன். சோடியம் அணுவின் ஆரம் 186 பிக்கோமீட்டர், அயனி ஆனதும் 102. குளோரின் 99இலிருந்து 181 ஆகிறது. இந்தச் சுருக்கத்தையும் வீக்கத்தையும் அளவுப்படி வட்டங்களாக வரைந்து பார்த்தபோதுதான், படிகத்தில் இடத்தைப் பெரும்பாலும் அடைத்துக்கொண்டிருப்பவை குளோரைடு அயனிகள் என்பது எனக்கு உறைத்தது.

அடுத்து, சோடியம் குளோரைடு 'மூலக்கூறு' என்று எழுதும் பழக்கத்தை விட வேண்டும். படிகத்தில் இந்தச் சோடியத்துக்கு இந்தக் குளோரின் என்று ஒரு சோடியும் கிடையாது. ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தை மட்டுமே வாய்பாடு சொல்கிறது. பிராக் தந்தையும் மகனும் எக்ஸ் கதிர்களைக் கொண்டு 1913இல் இந்த அமைப்பைக் கண்டறிந்தார்கள், 1915இல் நோபல் பரிசும் பெற்றார்கள். அதன் பிறகும் ஹென்றி ஆம்ஸ்ட்ராங் என்ற மூத்த வேதியியலாளர், உப்பில் மூலக்கூறே இல்லை, சதுரங்கப் பலகைபோல் அடுக்கு மட்டுமே உள்ளது என்ற கருத்தைத் தாங்க முடியாமல் 1927இல் 'நேச்சர்' இதழுக்குக் கடிதம் எழுதிக் கேலி செய்தார். அவருக்கே அவ்வளவு சிரமமாக இருந்தது என்று தெரிந்ததும் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது என்பதை மறைக்கவில்லை.

எங்கள் வீட்டுச் சமையலறையிலேயே இதில் பாதியைப் பார்த்துவிடலாம். பெரிய கல்லுப்பு ஒன்றை எடுத்து, கத்தி முனையை அதன் பக்கத்துக்கு இணையாக வைத்து மெல்லத் தட்டினால், நொறுங்காமல் தட்டையாகப் பிளக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் அந்த முகத்தைப் பார்த்தால் நேர்க்கோணப் படிகள் தெரியும். தட்டும்போது ஓர் அடுக்கு ஓர் அயனி அளவு நகர்ந்துவிட்டால், ஒத்த மின்சுமைகள் நேருக்கு நேர் வந்து விலக்கிக்கொள்கின்றன. அயனிச் சேர்மங்கள் கடினமாக இருந்தும் நொறுங்கும் தன்மை கொண்டிருப்பதன் காரணம் அதுவே. பிறகு ஒன்பது வோல்ட் பாட்டரி, ஒரு சிறு எல்.இ.டி., 470 ஓம் மின்தடை, இருமுனையும் சீவிய இரண்டு பென்சில்கள் ஆகியவற்றை வாங்கினேன். எல்லாம் சேர்த்து 100 ரூபாய்க்குள் அடங்கிற்று. கல்லுப்பு ஈரம் கசியும் என்பதால் முதலில் அதை வாணலியில் வறுக்க வேண்டும். உள்ளே சிக்கிய நீர் ஆவியாகிப் படபடவென்று வெடிக்கும், எனவே மூடி போட்டு வறுங்கள். காய்ந்த உப்பில் பென்சில் முனைகளை ஊன்றினால் விளக்கு எரியாது. பாட்டரிக் கடையில் வாங்கிய வாலை வடிநீரிலும் எரியாது, அந்த நீரில் கரைத்த சர்க்கரையிலும் எரியாது. ஒரு சிட்டிகை உப்பைப் போட்டவுடன் எரியும். எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஒன்றும் போடாமலேயே மங்கலாக எரிந்தது, கால்சியம், மக்னீசியம், பைகார்பனேட் என்று ஏற்கெனவே அதில் அவ்வளவு அயனிகள். கேரளத்தின் இந்தக் கிழக்கு மூலையில் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு கூடுதலாக இருப்பதும் தெரிந்த செய்திதான். திண்ணையில், காற்றோட்டத்தில், சில நொடிகள் மட்டும் செய்யுங்கள். உப்பு நீரில் நேர்முனைப் பென்சிலில் குளோரின் வாடை வரும். வீட்டு மின்சாரத்தை இதற்குத் தொடவே கூடாது. உப்பை உருக்கியும் சோதிக்கலாமே என்று அடுப்பைத் தேடாதீர்கள், 801 டிகிரி அங்கே வராது. உருகிய நிலையில் அயனிகள் நகரும் என்பதற்கு ஹம்ஃப்ரி டேவி 1807இல் உருகிய காஸ்டிக் சோடாவில் மின்சாரத்தைச் செலுத்திச் சோடியத்தையே பிரித்தெடுத்தது போதிய சான்று.

கரைவதிலும் அதே கணக்குதான். படிகத்தைப் பிரிக்க 788 வேண்டும். நீர் மூலக்கூறுகள் அயனிகளைச் சூழ்ந்துகொள்ளும்போது 784 வெளிவருகிறது. வித்தியாசம் 4 மட்டுமே என்பதால் உப்புக் கரைசல் மிகச் சிறிதளவு குளிர்கிறது, அயனிகள் சிதறிப் பரவும் ஒழுங்கின்மை மிச்சத்தைப் பார்த்துக்கொள்கிறது. பயிற்சி மையத்தில் 'கரைசல்கள்' பாடத்தில் எனக்குச் சுத்தமாகப் புரியாமல் போன பக்கம் இது. இப்போது பார்த்தால் புதிதாக ஒன்றுமே இல்லை.

கடைசியாக, உலோகமும் அலோகமும் சேர்ந்தால் அயனிப் பிணைப்பு என்ற வரி எங்கே பொய்த்துப்போகும் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். அலுமினியம் குளோரைடு 180 டிகிரி அளவிலேயே பதங்கமாகிவிடும், அலுமினியம் ஃபுளூரைடோ 1,200 டிகிரி தாண்டியும் திடமாக நிற்கும். சிறிய, மின்சுமை மிகுந்த நேர்மின் அயனி, பெரிய எதிர்மின் அயனியின் எலக்ட்ரான் மேகத்தைத் தன் பக்கம் இழுத்து, எலக்ட்ரானைப் பங்கிட்டுக்கொள்ளும் சகப்பிணைப்புத் தன்மையை ஏற்றிவிடும் என்று கசிமிர் ஃபஜான்ஸ் 1923இல் விளக்கினார். கேரளத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. கொல்லம் மாவட்டம் சவறாவில் கடற்கரைக் கருமணலிலிருந்து டைட்டானியம் டை ஆக்சைடு தயாரிக்கும் ஆலையில், இடைநிலைப் பொருளாக டைட்டானியம் டெட்ரா குளோரைடு உருவாகிறது. உலோகமும் அலோகமும் சேர்ந்த அந்தப் பொருள் அறை வெப்பநிலையில் திரவம், 136 டிகிரியில் கொதித்துவிடும். நேர்மாறாக, உலோகமே இல்லாத அம்மோனியம் குளோரைடு அயனிச் சேர்மம். எலக்ட்ரான் கவர்தன்மை, அதாவது பிணைப்பு எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கும் திறன், அதன் வேறுபாடு 1.7ஐத் தாண்டினால் அயனிப் பிணைப்பு என்ற விதியும் இப்படித்தான், 1.78 வேறுபாடு கொண்ட ஹைட்ரஜன் ஃபுளூரைடு 20 டிகிரிக்குள் கொதிக்கும் சகப்பிணைப்புச் சேர்மம். தேர்வுத்தாளில் 'எப்போதும்' என்ற சொல்லோடு ஒரு கூற்று வந்தால், இந்த எடுத்துக்காட்டுகளை ஒருமுறை ஓட்டிப் பார்த்த பிறகு விடையைக் குறியுங்கள்.